அவுக பேரில் ஒரு கணக்கு

போன வாரத்திலிருந்து நம்மை உறுத்திக்கொண்டிருப்பது ஒரு கை.

சிங்கப்பூரில், மருதுபாண்டியின் தட்டில் சோறு வைக்கும் கை. கண்ணாடி வளையல் போட்ட ஒரு பெண்ணின் கை. போட்டோவில் முகம் விழவில்லை. அவன் மனைவி சத்யபிரியா அதை அருப்புக்கோட்டை வீட்டு டிவியில் பார்த்துவிட்டு, போனில், "யாருங்க அது?" என்று கேட்டாள்.

ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். மருதுபாண்டி அப்படி முடிக்கிற ஆளா? "நான் அனுப்பாத போட்டோ ஒனக்கு எப்படி வந்துச்சு? என்னைய வேவு பாக்குறியா?" என்று திருப்பிக் கேட்டான். அவள் போனை வைத்துவிட்டாள். அவனும் கூப்பிடவில்லை.

மறுநாள் டிவியில் அவன் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால், கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது.

‘இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.’

அந்த வாரம் முழுக்க, நூல் கடைக்கு வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை அவள் அந்த வரியைத்தான் வாசித்தாள். வாசித்து வாசித்து அது மருதுபாண்டி வாயால் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது.

கதைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செங்கல் அளவு இருக்கும். கறுப்பு நிறம், முன்னால் ஒரு பச்சை விளக்கு. சிங்கப்பூர் கிளம்புவதற்கு முன்னால் மருதுபாண்டி மதுரையிலிருந்து வாங்கி வந்தது. வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் ஒயர் போட்டு வைத்துவிட்டால், வீட்டிலுள்ள போன், லேப்டாப், டிவி எல்லாம் அதற்குள் படம் போடலாம், எடுக்கலாம். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு ஃபோல்டர். யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் அதிலேயே குறித்து வைக்கலாம். வெளிநாட்டுக்குப் போனாலும், போனில் எடுத்த படம் தானாக வந்து வீட்டில் விழும்.

கல்யாணமான பிறகு மருதுபாண்டி இந்த வீட்டில் இருந்ததைவிட அந்தப் பெட்டிக்குள் இருந்த நாள்தான் அதிகம். போனில் அவன் பேசுவது ‘ம்’, ‘சரி’, ‘வச்சிரட்டா’ இவ்வளவுதான். படம் எடுப்பதில் அப்படியில்லை. கழற்றிப் போட்ட பம்பு, கொடியில் காயும் சட்டை, சாப்பிடப் போகும் தட்டு என்று எல்லாவற்றையும் எடுப்பான். மழையை விடவே மாட்டான். மானாவாரிக் காட்டில் பிறந்தவன் அல்லவா, அந்த ஊரில் தினம் பெய்கிற மழையைத் தினமும் நின்று எடுப்பான்.

சத்யபிரியா தன் புருஷனைத் தெரிந்துகொண்டது அந்தப் படங்களில்தான். சாயங்காலம் சாப்பிட உட்காரும்போது அவன் தட்டைத் திரையில் வைத்துக்கொண்டு தன் தட்டை எடுத்துக்கொள்வாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தட்டு இல்லாமல் இந்த ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்த்தாள். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள்.

*

இன்று ஞாயிற்றுக்கிழமை. பெத்தம்மாள் வருகிற நாள்.

பெத்தம்மாள் அவள் மாமியார். அவர்கள் ஊரான பரளச்சியில் மிளகாய்ப் பழம் எடுக்கிற மும்முரம் நடந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காட்டுவேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவாள். மருமகளைப் பார்க்க என்று ஊரில் பேர். உண்மையில் டிவியில் மகனைப் பார்க்க.

"ஒங்கத்தை கெளம்பிட்டா. பையில கத்திரிக்கா குடுத்துவிட்டுருக்கேன்" என்று மாமனார் மாரிச்சாமி காலையில் போன் பண்ணினார். ஆட்டை விட்டுவிட்டு அவர் எங்கேயும் நகர மாட்டார்.

 படம் திறக்கவில்லை என்றால் ஏன் என்று பெத்தம்மாள் கேட்பாள். அடுத்த கேள்வி, சண்டையா என்பது. அதற்கடுத்து அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். மாமியார் வருவதற்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும்.

முதலில் நெட்டுக்காரர் நாகராஜைக் கூப்பிட்டாள். அவரும் வந்தார். வயரைப் பிடுங்கிச் செருகினார். தன் போனில் ஏதோ அளந்து பார்த்தார்.

"நெட்டு நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி. பெட்டியும் ஓடுது. வேற எதாச்சும் தெறக்குதா?"

"கல்யாண வீடியோ தெறக்குது. என்னோட ஃபோல்டரு தெறக்குது. அவுக ஃபோல்டரு மட்டுந்தாண்ணே தெறக்கல."

நாகராஜ் திரையைப் பார்த்தார். வாய்க்குள் அந்த வரியை ஒருமுறை படித்தார்.

"ரிப்பேருன்னா நான் பாப்பேன். இது ரிப்பேரு இல்ல. ஒங்களுக்கு அனுமதி இல்லன்னுல்ல சொல்லுது. குடுத்தவுகளைத்தான் கேக்கணும்."

அவர் ஒன்றும் குத்தலாகச் சொல்லவில்லை. அடுத்த வீட்டில் கனெக்‌ஷன் இழுக்க வேண்டும் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சத்யபிரியாதான் ஊருக்கே தெரிந்துவிட்ட மாதிரி கதவைச் சாத்தினாள்.

பிறகு தானே உட்கார்ந்தாள். பெட்டியை நிறுத்தி மறுபடி போட்டாள். டிவியை விட்டுவிட்டு லேப்டாப்பில் முயன்றாள். தன் பாஸ்வேர்டைப் புதிதாக அடித்து உள்ளே போனாள். எல்லா ஃபோல்டரும் திறந்தது, அது ஒன்றைத் தவிர. அதன் மேல் அம்புக்குறியை வைத்து, விவரத்தைப் பார்த்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் பேர் இல்லை. வெறும் நான்கு இலக்க எண் ஒன்று இருந்தது.

முன்பு அந்த இடத்தில் ஒரு பேர் இருந்தது. அவளே போட்ட பேர்.

அவன் கிளம்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம். மருதுபாண்டி கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தான். "பெட்டியில என் பேர்ல ஒரு கணக்கு போட்டுரு. என் போனுலயும் செட் பண்ணி வச்சிரு" என்று போனை வீட்டில் விட்டுப் போயிருந்தான். சத்யபிரியா லேப்டாப்பைத் திறந்தாள். பக்கத்திலேயே பெத்தம்மாள் கடலையை உரித்துக்கொண்டு, "என்னத்தா எழுதுற? வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதேன், நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்றாள்.

புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்வதா, அதுவும் மாமியார் முன்னால்? பெத்தம்மாள் இன்றுவரை சொன்னதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் வீட்டுக்காரர் பேர் கேட்டால், "மழைக்கு ஒரு பேரு சொல்லுவாகள்ல, அதோட சாமியையும் சேத்துக்கங்க" என்பாள். ஊர்க்காரர்கள் மாரிச்சாமி என்று எழுதிக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள்.

பி.காம். படித்த சத்யபிரியாவுக்கு அதில் நம்பிக்கை ஒன்றும் கிடையாது. தனியாக இருக்கும்போது ‘மருது’ என்று கூப்பிட்டுப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறாள். ஆனால் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது நாக்கும் வரவில்லை, விரலும் வரவில்லை. ‘அவுக’ என்று ஆங்கில எழுத்தில் அடித்து முடித்துவிட்டாள். "என்ன எழுதுன?" என்று பெத்தம்மாள் கேட்டதற்கு, "அவுகளுக்கு ஒரு கணக்கு போட்டேன் அத்தே" என்றாள். பொய்யுமில்லை.

இப்போது அந்த ‘அவுக’வைக் காணோம். எண் மட்டும் நிற்கிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. என்னைப் பார்க்கவிடாமல் பூட்டியது போதாதென்று, இந்த வீட்டிலிருந்து தன் பேரையே அழித்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பின் தெருவில் தறிச்சத்தம் இல்லை. மற்ற நாளில் அந்தச் சத்தம் தலைவலி. இன்று அது இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. அவள் லேப்டாப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

*

பெத்தம்மாள் பையைக் கீழே வைக்குமுன்பே டிவியைப் பார்த்தாள்.

"போடுத்தா. எம்புள்ள இந்த வாரம் என்ன தின்னான்னு பாப்போம்."

"தெறக்கல அத்தே."

"கரண்டு இருக்குல்ல?"

"இருக்கு. பெட்டியிலதான் என்னமோ கோளாறு."

பெத்தம்மாள் மருமகள் முகத்தைப் பார்த்தாள். கண் சிவந்திருந்ததைப் பார்த்தாள். கேட்கவில்லை. செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அவனுக்குப் போனைப் போடு" என்றாள்.

"வேலையில இருப்பாக."

"ஞாயித்துக்கெழம என்ன வேலை? போடு."

ஒரு வாரமாகத் தானாகக் கூப்பிடக் கூடாது என்று வைத்திருந்த வைராக்கியம் மாமியார் சொல்லில் உடைந்தது. முதல் மணியிலேயே அவன் எடுத்துவிட்டான்.

"சத்யா" என்றான். அந்தக் குரலில் கோபம் இல்லை. அவள் அவசரமாக, "அத்தை வந்திருக்காக. ஸ்பீக்கர்ல இருக்கு" என்றாள். அவன் வேறு எதுவோ சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டான்.

"ஒம்போட்டோ ஒன்னும் தெரியலையாமேப்பா" என்றாள் பெத்தம்மாள்.

"பெட்டியில எதாச்சும் மாத்துனீகளா?" என்று சத்யபிரியா கேட்டாள். மாமியார் காதுக்குச் சாதாரணமாகப் படும்படிதான் கேட்டாள்.

"ஆமா, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றான் மருதுபாண்டி. "அன்னைக்குப் பேசிட்டு அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நான் அனுப்பல, அப்ப எப்படி அந்தப் போட்டோ வீட்டுக்கு வந்துச்சு? அட்மினுக்குள்ள போயி யாரு யாருக்குக் கணக்கு இருக்குன்னு லிஸ்ட்டைப் பாத்தேன். எவனோ ஒருத்தன் நம்ம பெட்டிக்குள்ள பூந்து ஒக்காந்திருக்கான்."

"யாரு?"

"அவூகான்னு பேரு. ரூம்ல இருக்க பய சொன்னான், ஜப்பான்காரன் பேரு மாதிரி இருக்கு, இப்படித்தான் வெளிநாட்டுலருந்து பூந்து போட்டோவெல்லாம் திருடுவான்னு. ஒடனே தூக்கிட்டேன். ஒனக்குப் பயமா இருக்குமேன்னுதான் சொல்லல."

பெருமையாகத்தான் சொன்னான். வீட்டுக்குள் பாம்பு அடித்தவன் பெருமை.

 பெத்தம்மாள்தான் பேசினாள்.

"என்ன பேருன்னு சொன்ன?"

"அவூகா."

"இன்னொருக்கா சொல்லு."

"அ... வூ... கா. ஏம்மா, ஒனக்கென்ன இதுல?"

"ஏலே, அது அவுக."

"எவுக?"

"எவுகன்னா? ஒம்பொண்டாட்டி யாரை அவுகன்னு சொல்லுவா? பக்கத்து வீட்டுக்காரனையா?"

சிங்கப்பூரில் அவனுக்குப் பின்னால் ஒரு பஸ் போவது மட்டும் கேட்டது.

"நானா?" என்றான் கடைசியில்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்பார்கள். பெத்தம்மாள் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சத்யபிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவன் அவளுக்கு எதிராகக் கதவைப் பூட்டவில்லை. தன்னைத்தான் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறான். அந்தக் கணக்கு போனபோது, அது அவளுக்குக் கொடுத்து வைத்திருந்த அனுமதியும் சேர்ந்து போயிருக்கிறது. ஒரு வாரமாக அவள் பட்டதெல்லாம் வீண்.

*

"அட்மின் பாஸ்வேர்டு ஒங்கிட்ட இருக்குல்ல? நீயே போயி மறுபடி போட்டுரு" என்றான் மருதுபாண்டி. ஆபத்துக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்த பாஸ்வேர்டு. அவள் அதை ஒருநாளும் தொட்டதில்லை.

பழைய பேரிலேயே, பழைய பாஸ்வேர்டோடு ஒரு கணக்கு போட்டாள். ஃபோல்டரைத் தட்டினாள். அனுமதி இல்லை.

"அதே பேருதான? ஏன் தெறக்க மாட்டேங்குது?" என்று அவன் போனில் கேட்டான்.

"இருங்க, பாக்குறேன்."

புதுக் கணக்கின் விவரத்தைத் திறந்தாள். அதற்கும் ஓர் எண் இருந்தது. ஃபோல்டரில் நிற்கும் எண்ணையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றாக இல்லை. அப்போதுதான் புரிந்தது. நாம்தான் பேரைப் பார்க்கிறோம். பெட்டி ஆளை அடையாளம் வைத்திருப்பது எண்ணால். பழைய அவுக ஒரு எண், புது அவுக வேறொரு எண். பேர் ஒன்றாக இருந்தாலும் பெட்டிக்கு இவர் வேற்றாள்.

"பேரு அதே பேருதாங்க. ஆனா பெட்டிக்கு நீங்க புது ஆளு. பழசையெல்லாம் ஒங்க கையில எழுதிக் குடுக்கணும்."

"எம்பொருளை எனக்கே எழுதிக் குடுக்கணுமா?"

"நீங்கதான தூக்குனீக."

பெத்தம்மாள் மறுபடி சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று சத்யபிரியாவுக்கு நினைவில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் எண்ணை எடுத்துவிட்டு ‘அவுக’ என்று வைத்தாள். உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அதை விட்டிருந்தால் ஃபோல்டர் திறக்கும், படங்கள் திறக்காது. பார்க்க அனுமதி உள்ளவர்கள் என்ற இடத்தில் தன் பேரைச் சேர்த்தாள். பெட்டி கொஞ்ச நேரம் இரைந்தது.

டிவியில் படங்கள் வந்து நின்றன. கொடியில் சட்டை, பம்பு, மழை, மழையில் நனைந்த அவன் முகம்.

"வந்துட்டான்" என்றாள் பெத்தம்மாள். கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தாள். "கன்னம் ஒட்டிப்போச்சேய்யா. சாப்புடுறியா இல்லையா?"

"சாப்புடுறேம்மா."

சத்யபிரியா ரிமோட்டை எடுக்குமுன் பெத்தம்மாளே அடுத்தடுத்துத் தள்ளிக்கொண்டு போனாள். கடைசிப் படத்தில் நிறுத்தினாள். தட்டு, சோறு, அந்தக் கை.

"இது யாரு கை?"

ஒரு வாரமாக மருமகள் மென்று முழுங்கியதை மாமியார் பொசுக்கென்று கேட்டுவிட்டாள். சத்யபிரியா லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மெஸ்ஸுல சோறு போடுறவுகம்மா" என்றான்.

"எளசுக் கையா இருக்கு?"

"வயசானவுகதாம்மா. நீ வந்து இன்னும் காப்பி கூடக் குடிக்கலையா? போயி குடி."

"அதுஞ்சரிதான்" என்று பெத்தம்மாள் எழுந்தாள். அடுக்களையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. காப்பி போடுவதாக இருந்தால் அவளே போட்டுக்கொள்வாள். மருமகள் போடும் காப்பி அவளுக்கு ஆகாது.

"ஸ்பீக்கரை அமத்து" என்றான் மருதுபாண்டி.

அவள் அமத்திவிட்டுக் காதில் வைத்தாள். அந்தப் போட்டோவைப் பற்றிச் சொல்லப் போகிறான், அன்றைக்குக் கத்தியதற்கு வருத்தப்படப் போகிறான் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் தப்பில்லை.

"எம்போன்ல என்னமோ ஓடுது. போட்டோ போகுதுன்னு காட்டுது."

"கணக்கு வந்துருச்சுல்ல. ஒரு வாரமா நின்னுபோனதெல்லாம் இப்ப வருது."

"எல்லாமா?"

"நீங்க எடுக்குற எல்லாமுந்தான்."

"நான் எடுக்குற எல்லாமும் அங்க வருதா? இம்புட்டு நாளா? நான் அனுப்புறது மட்டுந்தான் வருதுன்னுல்ல இருந்தேன்."

"கெளம்புறப்பவே சொன்னேன்ல. சரி சரின்னு தலையாட்டுனீக."

  டிவியின் ஓரத்தில் புதுப் படங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன. சின்னச் சின்னக் கட்டங்கள். அவள் இருந்த இடத்திலிருந்து எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

"அந்த லிஸ்ட்டுல யாரு யாரு பேரு இருக்கு?" என்றான்.

"ஒங்க பேரு. எம்பேரு."

"ஒம்பேரை எடுத்துரு."

தனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவள் நினைத்தாள். "என்னது?"

"பாக்குறவுக லிஸ்ட்டுல ஒம்பேரை எடுத்துருன்னேன். அம்மாவுக்கு வேணுங்கிறதை நான் தனியா அனுப்பிக்கிறேன்."

"ஏங்க?"

"ஏன்னு கேட்டா? எனக்குன்னு ஒன்னு இருக்கக் கூடாதா? ஒன்னும் தப்பு இல்ல சத்யா. எடுத்துரு. நானே எடுப்பேன், நான் தொட்டா இன்னொரு ஆளைத் தூக்கிருவேன்."

சிரிப்பதற்காகச் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் கதவு பூட்டியிருந்தபோதுகூட, பூட்டியது அவன்தான் என்பது அவளாக நினைத்துக்கொண்டது. பெட்டி சொன்ன வார்த்தையை அவன் சொன்னதாக எடுத்துக்கொண்டு அழுதாள். இப்போது அவனே சொல்கிறான். கோபமில்லாமல், சாவகாசமாக, அதுவும் அவள் கையாலேயே செய்யச் சொல்கிறான்.

அம்புக்குறியைத் தன் பேர் மேல் கொண்டுபோய் வைத்தாள். சத்யபிரியா என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் முன்னால் ஒரு சின்ன டிக். ஒரு தட்டு தட்டினால் போய்விடும். கல்யாணம் முடிந்து அவளுக்கென்று இந்த வீட்டில் கிடைத்தது என்ன என்று யோசித்தாள். அவன் தட்டும், அவன் சட்டையும், அங்கே பெய்கிற மழையும்தான்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்" என்றாள்.

எடுக்கவில்லை. டிக் அப்படியே இருந்தது. புருஷனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. சொன்னதும் காது சூடேறியது.

"சரிம்மா" என்றான். குரல் இளகிவிட்டது. "சாப்புட்டியா? அங்க வெயிலு எப்படி இருக்கு? கடையிலிருந்து நடந்தா வார? ஆட்டோவுல வா, சொல்றேன்ல. நாளைக்கு நானே கூப்புடுறேன்."

சாப்பிட்டியா என்று அவன் ஒருநாளாவது கேட்க மாட்டானா என்று அவள் ஏங்கியிருக்கிறாள். கேட்டுவிட்டான். அவள் இனிமேல் தன்னைப் பார்க்க மாட்டாள் என்று நம்பிய பிறகு கேட்டிருக்கிறான். அவளுக்குத் தாங்கவில்லை. "ம். சரி. வச்சிரட்டா?" என்று அவன் பேசுகிற மாதிரியே பேசிவிட்டுப் போனை வைத்தாள்.

பெத்தம்மாள் இரண்டு டம்ளரோடு வந்தாள். ஒன்றை மருமகள் கையில் கொடுத்தாள்.

"என்ன சொன்னான்?"

"சாப்புட்டியான்னு கேட்டாக அத்தே."

"கேப்பான். எம்புள்ளைக்கு வெளியில காட்டத் தெரியாது, அம்புட்டுத்தான்." அவள் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தாள். "அந்தா, புதுசு புதுசா வருதே. ரிமோட்டை எடு."

சத்யபிரியா ரிமோட்டை எடுத்தாள். எடுத்து டிவியை அணைத்துவிட்டாள்.

"ஏத்தா அமத்துற?"

"இப்பத்தான வருது அத்தே. எல்லாம் வந்து சேர நேரமாகும். நடுவுல தொட்டா நின்னுபோகும்."

பொய் சொல்வது இரண்டாம் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை. பெத்தம்மாளும் நம்பிவிட்டாள். காப்பியை ஆற்றிக்கொண்டே, "அது சரி. நான் அடுத்த வாரம் வந்து பாத்துக்கிறேன். எங்க போயிரப் போகுது, பெட்டி நம்ம வீட்டுலதான இருக்கு" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகும்வரை மிளகாய் விலையைப் பற்றியும் ஆடு குட்டி போட்டதைப் பற்றியும் பேசினாள். சத்யபிரியா தலையாட்டிக்கொண்டிருந்தாள். வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு சிமிட்டியபடி இருந்தது. படங்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். மாமியார் போய்க் கதவைச் சாத்திய பிறகு அந்தப் படங்களைப் பார்க்க வேண்டாம் என்று அவளைத் தடுக்க அவளே தவிர வேறு யாரும் இருக்கப்போவதில்லை. அதை நினைத்து, அவள் பெத்தம்மாளின் கையைப் பிடித்து, "இன்னைக்கு இங்கயே இருந்துட்டுப் போங்களேன் அத்தே" என்றாள்.

"காட்டுல பழம் கெடக்குத்தா" என்று பெத்தம்மாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.